பேரேட்டில் எழுதாத கடன்

கடை வைத்திருப்போர் யாவரும் அறிவர்: பேரேட்டில் எழுதாமல் விட்டதனால் ஒரு கடன் இல்லையென்று ஆகிவிடாது. கொடுத்தவர் கேட்க மறந்தாலும், கேட்கத் துணியாவிட்டாலும், வாங்கியவர் தலைமேல் அது இருந்துகொண்டேதான் இருக்கும். மனிதருக்கு மனிதர் பட்ட கடனைப் பொறுத்தவரை இதில் இரண்டு கருத்தில்லை. ஆனால், வாயில்லாப் பிராணிக்கு மனிதன் கடன்படுவதுண்டா? பட்டால் அதை அடைக்க வேண்டியவர் யார்? இவ்வினாவை வெறும் சொற்போராக்காமல், நடந்த செய்தி ஒன்றைக் கொண்டு எண்ணிப் பார்ப்போமாக.

அமெரிக்காவின் வடமேற்கே, ஐடஹோ மாநிலத்தில் கோர்டலேன் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. அதில் வந்து சேரும் அதே பெயருடைய ஆற்றின் இரு மருங்கிலும் சிற்றேரிகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்துள்ளன. ஆற்றின் மேற்பகுதி மலைகளில் 1880-களில் வெள்ளியும் காரீயமும் கண்டெடுக்கப்பட்டன. நம் கிந்தாப் பள்ளத்தாக்கில் தோண்டிய வெள்ளீயம் வேறு. இது உடலுக்கு நஞ்சான காரீயம். அம்மலைகளில் எடுத்த வெள்ளி மட்டும் 100 கோடி அவுன்சுக்கு மேல். கல்லை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவை 1968 வரை ஆற்றிலே விட்டார்கள். அவ்விதம் ஆற்றில் கலந்தது 6 கோடி டன்னுக்கு மேல். வெள்ளம் வந்தபோதெல்லாம் அது கீழ்நோக்கி அடித்துச் செல்லப்பட்டு ஏரிகளின் சேற்றிலே படிந்தது.

துந்திர அன்னங்கள் ஆண்டுதோறும் குளிர்காலத்தைக் கலிபோர்னியாவில் கழித்துவிட்டு, வசந்தத்தில் அலாஸ்காவை நோக்கித் திரும்புகின்றன. வழியில் இளைப்பாற இவ்வேரிகளில் இறங்குகின்றன. சேற்றைக் கிளறி அதிலுள்ள நீர்க்கிழங்கைத் தின்பது அவற்றின் வழக்கம். கிழங்குடன் சேறும், சேற்றுடன் காரீயமும் வயிற்றினுள் செல்கின்றன. காரீயம் இரத்தத்தில் ஏறியதும் நரம்புகள் தளர்கின்றன. உணவை உள்ளே தள்ளும் தசைகள் செயலிழக்கின்றன. தின்றது தொண்டையிலேயே தேங்கிவிடுகிறது. வாய் நிறைய உணவிருந்தும் அப்பறவை பட்டினியால் மெலிந்து சாகிறது! ஆண்டொன்றுக்கு 150 அளவில் அன்னங்கள் இவ்வாறு மடிவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

“அன்று சுரங்கம் தோண்டியவர்கள் அறியாமல் செய்துவிட்டார்கள், அறியாப் பிழைக்குக் கடன் ஏது?” என்று சிலர் கேட்கலாம். அறியாமல் செய்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆற்றோர உழவர்களின் கால்நடைகள் மாண்டன. அவர்கள் வழக்கும் தொடுத்தனர். சுரங்க முதலாளிகளோ நிலக்காரர்களுக்குப் பணம் கொடுத்து, கழிவு விடும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். கேட்கத் தெரிந்தவனுக்குப் பணம் கிடைத்தது. அன்னம் யாரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்தது?

“ஆயிரமாயிரம் அன்னங்களில் 150 போனால் என்ன?” என்பது மற்றொரு வாதம். பத்துப் பிள்ளைகள் பெற்றவரின் ஒரு பிள்ளையைக் கொன்றவன், குற்றம் பத்தில் ஒரு பங்குதான் என்று சொன்னால் நாம் ஒப்புவோமா?

“செய்தவர்கள் மாண்டுபோனார்களே, இனி யாரைக் கேட்பது?” என்பது மூன்றாவது. இதற்கு விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. இறந்தவரின் சொத்தைப் பங்கு வைக்குமுன் அவர் பட்ட கடனை அடைத்தாக வேண்டுமென்பதை நம்மில் சிறு பிள்ளையும் அறியும். சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்று சொல்ல எந்த வாரிசுக்கும் உரிமையில்லை. அம்மலையின் செல்வத்தை ஆண்ட நிறுவனங்களும், அதனால் வளர்ந்த நாடும் வாரிசுகளே. அந்த ஏரியைத் தொன்றுதொட்டுத் தமதெனக் கருதிவரும் பழங்குடியினர் 1991-இல் வழக்குத் தொடுத்தார்கள். பின்னர் 1996-இல் மத்திய அரசும் தொடுத்தது. 2011-இல் ஹெக்லா என்னும் சுரங்க நிறுவனம் 26 கோடி டாலருக்கு மேல் கொடுக்க இசைந்தது. கடன் உண்டென்பதை உலகமும் ஒப்புக்கொண்டது எனலாம்.

ஆயினும் அன்னத்துக்கு டாலரால் ஆவதென்ன? அதற்கு வேண்டுவது நஞ்சில்லாத சேறு. அப்பள்ளத்தாக்கில் ஓர் உழவர் குடும்பம் 400 ஏக்கர் அளவுள்ள தன் வயலை மீண்டும் சதுப்பாக்கச் சம்மதித்தது. இன்று வசந்தந்தோறும் அன்னங்கள் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்கி மேய்கின்றன. கடன்காரருக்குச் செல்லுபடியாகும் நாணயத்தில் கடனை அடைப்பதென்றால் இதுவன்றோ! எஞ்சிய சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி இன்னும் நஞ்சாகவே கிடக்கிறது. கடனில் ஒரு சிறு தவணைதான் தீர்ந்திருக்கிறது.

அன்பர்களே! பழைய பேட்டரியைச் சாக்கடையில் எறியும்போதும், அறுந்த தூண்டிலின் காரீயக் குண்டைக் குளத்திலே விட்டு வரும்போதும் நாமும் ஒரு கடன் வாங்குகிறோம். கேட்பாரில்லை என்பது உண்மையே. கேட்பாரில்லாத கடனை அடைப்பதில்தான் ஒருவருடைய நாணயம் தெரியும்.