திரும்பி வந்த நாளின் கூலி

காட்டருவிக்கு வழிகாட்டியோடு போகிறவர் எதை விலைக்கு வாங்குகிறார்? அருவியையா, அந்த மனிதரின் அறிவையா?

கல்முனைக்குடியிலிருந்து சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியே போனால் கொஸ்லந்தைக்கு அருகே தியலும. 220 மீற்றர் உயரம். உச்சியிலுள்ள குளங்களில் குளிப்பதற்கென்றே ஒருநாள் பயணங்கள் நடக்கின்றன. கடந்த விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் போனோம். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். வழிகாட்டி இளைஞரோ பாதி வழியில் நின்று, மேல்மலை இருட்டுகிறது, திரும்புவோம் என்றார். திரும்பினோம். குளிக்கவில்லையே, பாதிக் கூலி போதும் என்ற பேச்சு வேனில் எழுந்தது.

அது நியாயமா? நாம் நிற்குமிடம் காய்ந்து கிடக்க, மேலே பெய்த மழை திடீரெனப் பெருகி வரும். வெளியூராருக்குத் தெரியாத அந்தக் கணக்கு தெரிந்தவர் என்பதற்காகத்தானே கூலி பேசினோம்? அன்று வெள்ளம் வந்ததோ என்னவோ. வராதிருந்தாலும் அவர் சொன்னது சரியே. கடல் சரியில்லை என்று மூத்த மீனவர் சொன்னால், பிறகு அலை அடங்கிவிட்டதென்று நம்மூரில் எவரும் அவரைப் பழிப்பதில்லை.

"வேண்டாம்" என்ற நாளில் கூலியைக் குறைத்தால், அடுத்த முறை "போகலாம்" என்று சொல்ல அவரைப் பழக்குகிறோம். அவர் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டுமே! அந்தப் பொய்க்குப் பலியாவது நமக்குப் பின்னே வரும் யாரோ ஒருவரின் பிள்ளை.

ஆகவே திரும்பி வந்த நாளுக்கும் முழுக் கூலி கொடுப்பதே முறை. அது ஸதகா அல்ல, கடன்.