மலையும் சைக்கிளும் பூசையும்



பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் குருவானவரிடம் கொண்டுவரும் முறைப்பாடுகளில் சைக்கிளும் ஒன்று. "சுவாமி, இவனுக்குப் படிப்புமில்லை, பூசையுமில்லை, எந்நேரமும் சைக்கிள்தான்" என்பார்கள். கடைக்குப் போகும் சைக்கிளை அவர்கள் சொல்லவில்லை. கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்கவென்று தடித்த ரயர் பூட்டிய மலைச் சைக்கிளைச் சொல்கிறார்கள். 1970களில் கலிபோர்னியாவின் தமல்பாயிஸ் மலைச் சரிவுகளில் வாலிபர் சிலர் பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடியதிலிருந்து வளர்ந்த இந்த விளையாட்டு, 1996ல் அத்லாந்தா ஒலிம்பிக் போட்டி வரை போய்விட்டது.

இதைப் பாவமென்று நாம் சொல்லப்போவதில்லை. புனித சின்னப்பரே பந்தய வீரனின் ஒறுத்தலை விசுவாசிகளுக்கு மாதிரியாகக் காட்டினாரன்றோ! இத்தாலியில் கோமோ ஏரிக்கு மேலே கிசல்லோ என்னும் குன்றில் தேவதாயின் சிற்றாலயம் ஒன்றுண்டு. 1949ல் பாப்பரசர் 12ம் பத்திநாதர் அந்த மாதாவைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். பார்த்தலி, கோப்பி போன்ற வீரர்கள் ஓட்டிய சைக்கிள்கள் அங்கே காணிக்கையாகத் தொங்குகின்றன. கோவிற் சுவரில் சைக்கிளா என்று நம் பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கலாம், சுளிக்கட்டும்.

ஆனால் விளையாட்டு, படிப்பு, பக்தி மூன்றும் ஒரே வாலிபனிடம் எப்படிக் கூடியிருந்தன என்று பார்க்க, பியர் ஜோர்ஜியோ பிரசாத்தியிடம் போகவேண்டும். 1901ல் துரின் நகரில் பிறந்தவர். தகப்பனார் 'லா ஸ்ரம்பா' பத்திரிகையின் அதிபர், விசுவாசத்தில் ஈடுபாடில்லாதவர். மகனோ மலைப் பைத்தியம். அல்ப்ஸ் மலைகளில் கயிறு கட்டி ஏறுவார், பனியில் சறுக்குவார். படிப்பில் சூரனல்லர். பள்ளியில் இலத்தீன் பாடத்தில் தவறினார். சுரங்கத் தொழிலாளர் நடுவே வேலை செய்ய விரும்பிச் சுரங்கப் பொறியியல் எடுத்தார். அந்தப் படிப்பை மிகுந்த பிரயாசையோடுதான் இழுத்துக்கொண்டு போனார். மலைக்குப் புறப்படும் நாளிலும் அதிகாலைப் பூசை கண்டார். போகும் வழியில் செபமாலை சொன்னார். ஏழைகளுக்குக் காசைக் கொடுத்துவிட்டு, ட்ராம் ஏறப் பணமின்றி நடந்தே வீடு திரும்பினார்.

1925ல், பட்டம் கைக்கு வருமுன்னே, இளம்பிள்ளைவாதம் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. மலையேறிய கை மரத்துப்போன நிலையிலும், தாம் சந்தித்து வந்த ஏழை ஒருவருக்கு மருந்து கிடைக்கவேண்டுமென்று கோணல் எழுத்தில் ஒரு துண்டு எழுதினார். மறுநாள், ஜூலை 4ந் திகதி, இறந்தார். வயது 24. பாப்பரசர் 14ம் சிங்கராயர் 2025 செப்டெம்பர் 7ந் திகதி அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இனிப் பெற்றோரே, உங்களிடம் ஒரு கேள்வி. ஞாயிறு காலை ரியூசன் வகுப்பென்றால், "பூசையை விடு, பரீட்சை முக்கியம்" என்று பிள்ளையை அனுப்பியவர் யார்? பூசையைத் தள்ளிவைக்கலாம் என்று பிள்ளை முதலில் படித்தது சைக்கிளிடமா, உங்களிடமா? சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளிப்பதற்கு முன் இதைச் சற்று யோசியுங்கள்.

தம்பி, நீயும் கேள். காலை முழுதும் மலையில் மூச்சு வாங்குகிறாய். மாலையில் புத்தகத்தைத் திறந்ததும் தூங்கிவிழுகிறாய். படிப்பு உன் கடமை. அதைக் களவாடித்தான் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் பாதி நேரம் ஓடு. விழுந்து முழங்கால் உரிந்தாலும் மறுபடி அதே ஏற்றத்தில் ஏறுகிறாயே, அந்தப் பிடிவாதத்தில் கொஞ்சம் கணிதப் புத்தகத்துக்கும் வை. ஞாயிறு விடியுமுன் புறப்படுகிறாயென்றால், சனி மாலைத் திருப்பலி கண்டாலும் ஞாயிற்றுக் கடன் தீரும் என்பது திருச்சபைச் சட்டம். உன் பங்கில் அது எத்தனை மணிக்கென்று பங்குத்தந்தையிடம் கேட்டு வைத்துக்கொள்.