உலகம் வீண், உழைத்தவன் கூலியும் வீணா?

சென்ற ஆண்டு எங்கள் சோளிங்கரில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர் காலமானார். என் தெருக்காரர், என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். அண்டை வீட்டார் ஹக்கை எண்ணி நானும் போய் வாசலில் நின்றேன். அவர்களுடைய போதகர் பைபிளில் ‘பிரசங்கி’ என்ற ஆகமத்தை விரித்து வைத்துக் கொண்டு அரை மணி நேரம் பேசினார். மனிதன் தேடும் பொருளும் வீண், கட்டும் வீடும் வீண், கற்கும் கல்வியும் வீண், கடைசியில் மனிதனே வீண் என்பதுதான் பேச்சின் சாரம். நல்ல குரல். பெண்கள் விம்மினார்கள். எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் வீடு திரும்பும் வழியில் வேறொரு ஞாபகம் வந்து உறுத்தியது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

உலகம் நிலையற்றது என்று சோளிங்கர்வாசிக்கு எவரும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. 1781 செப்டம்பர் 27 அன்று இவ்வூரருகே ஹைதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதின. வெற்றி கூட்டுக்கு. மறு ஆண்டு டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் மவுத்தானார். 1783 ஏப்ரலில் சென்னையில் கூட்டும் இறந்தார். தோற்றவருக்கும் வென்றவருக்கும் இடையே நான்கைந்து மாதம்தான் வித்தியாசம். இன்று அந்த யுத்தத்தைப் பற்றி பஸ் நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள், மலைக்கோயிலுக்கு வழி சொல்வார்கள்.

ஆகவே போதகர் சொன்னது பொய்யல்ல. எனினும் அந்த ஆகமம் அவ்வளவுதானா சொல்கிறது? பழைய தமிழ் பைபிளில் அங்கே வரும் சொல் ‘மாயை’. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அதே ஆகமத்திற்குச் ‘சபை உரையாளர்’ என்று பெயர். சொல்லும் ‘வீண்’ என்று மாறிவிட்டது. மூலமான எபிரேய மொழியில் உள்ள சொல் ‘ஹெபெல்’. அதன் நேர்ப்பொருள் மூச்சு, ஆவி. குளிர்காலக் காலையில் வாயிலிருந்து புறப்பட்டு மறைகிறதே, அது! இருக்கிறது, ஆனால் நிற்பதில்லை. ‘மாயை’ என்றால் இல்லாததை இருப்பதாகக் காண்பது என்றுதான் நம் நாட்டில் பொருள் கொள்வார்கள். இரண்டும் ஒன்றல்ல. இன்னொரு விஷயம்: ஆதம் (அலை) அவர்களின் மகன் ஹாபீலுக்கு எபிரேயத்தில் இதே சொல்தான் பெயர். மனித குலத்தில் முதன்முதலில் மண்ணில் சாய்ந்தவர் அவர். அந்த உயிர் மூச்சுப்போல் போய்விட்டது என்பதற்காக அக்கொலை அற்பமாகிவிட்டதா? அந்த இரத்தத்திற்குக் கணக்குக் கேட்கப்பட்டது அல்லவா!

அந்த ஆகமம் தாவூதின் மகனான அரசர் பேசுவதாக அமைந்திருக்கிறது. அதனால் நம் நபி சுலைமான் (அலை) அவர்களின் வாக்கு என்றே யூதரும் கிறிஸ்தவரும் நெடுங்காலம் கருதி வந்தனர். அதன் மொழிநடையைப் பார்த்துப் பிற்காலத்தது என்று சொல்லும் ஆராய்ச்சியாளர் அவர்களிலேயே பலர். அந்த வாதம் இருக்கட்டும். நான் கவனிப்பது பேசுகிறவரின் நிலையை. எல்லாம் படைத்த ஓர் அரசர் தம் மாளிகையையும் தம் தோட்டத்தையும் தம் பொன்னையும் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்கிறார். பிறர் பொருளைக் காட்டிச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர் பக்கம் திரும்பும்போது, தேற்றுவாரின்றி அவர்கள் வடிக்கும் கண்ணீரைக் கண்டு மனம் வெதும்புகிறார். அந்தக் கண்ணீரையாவது மூச்சென்று ஊதித் தள்ளினாரா? இல்லை. கைக்குக் கிடைத்த வேலையை முழுப் பலத்தோடு செய்யவும் சொல்லி, இறைவனுக்கு அஞ்சுவதில் ஆகமம் முடிகிறது.

புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் நிருபம் இன்னும் தெளிவு. நான்காம் அதிகாரக் கடைசியில் மனித வாழ்வைச் சற்று நேரம் தோன்றி மறையும் புகைக்கு ஒப்பிடுகிறது. பக்கத்தைத் திருப்பும் முன்பே, ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தில், வயலறுத்த கூலியாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுவதாகச் சொல்கிறது. வாழ்வு புகை, கூலி புகையல்ல! முதல் வசனத்தை மட்டும் ஓதி அடுத்ததை விட்டுவிடும் பிரசங்கி, வேதத்தில் பாதியை மூடி வைத்தவரே. மனிதன் பாவத்தோடே பிறக்கிறான் என்று அவர்கள் இத்துடன் சேர்த்துச் சொல்வதை நாம் ஒப்புவதில்லை. அது வேறு பேச்சு.

நம் ஜில்லாவில் இதைச் சரியாகப் புரிந்து கொண்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் குடும்பத்தார் 1853-ல் ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கியவர்கள். ஊர் ஊராய்ப் பிரசங்கித்தவர்கள். அந்த அம்மையார் இளம் வயதில் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் தவித்த தம் மனைவியருக்கு உதவி கேட்டு வந்தனர். ஒருவர் முஸ்லிம். ஆண் டாக்டரை அனுமதிக்க மூவருமே மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மவுத். மனித உயிர் ஆவிதானே என்று ஒரு ஜெபம் செய்துவிட்டு அவர் படுத்திருக்கலாம். அமெரிக்கா சென்று 1899-ல் வைத்தியப் பட்டம் பெற்று, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். இன்று நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரி வாசலை மிதித்திருக்கிறார்கள்!

அதே வேலூரில் நிற்கும் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவின் பெயரும் இதே மஸ்அலாவுக்கு விடைதான். கஹ்ஃபு சூராவின் 46-ம் ஆயத், பொருளையும் பிள்ளைகளையும் இவ்வுலகின் அலங்காரம் என்று சொல்லிவிட்டு அத்துடன் நிற்கவில்லை. அழியாது எஞ்சும் நல்லமல்களை எடுத்துக் காட்டுகிறது. அந்தச் சொற்களே மதரஸாவின் பெயர்.

இனி என் ஞாபகத்திற்கு வருகிறேன். ஓதி முடித்து வந்த புதிது. பக்கத்து ஊர் ஒன்றில் தோல் மண்டி வைத்திருந்த ஒருவர் மவுத்தாகி, அடக்கம் முடிந்ததும் என்னைப் பயான் செய்யச் சொன்னார்கள். துனியா கொசுவின் இறக்கைக்கும் சமமாகாது என்று உருக்கமாகப் பேசினேன். ‘மாஷா அல்லாஹ்’ என்றார்கள். கூட்டம் கலைந்தபின் ஒரு பெரியவர் அருகில் வந்தார். பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிற வேலைக்காரர், விரல்களெல்லாம் வெடித்திருந்தன.

“ஹஜ்ரத், துனியா ஒண்ணுமில்லேன்னு சொன்னீங்க. சரிதான். ஆறு மாசக் கூலி அவுங்ககிட்ட நிக்குது. அதுவும் ஒண்ணுமில்லதானா?”

கோபமாகக் கேட்கவில்லை. மஸ்அலா கேட்பதுபோல்தான் கேட்டார். எனக்கு நாவெழவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஜனாஸா தொழவைக்கும் முன் மையித்துக்குக் கடன் உண்டா என்று விசாரித்ததும், கடனுள்ள ஒரு ஸஹாபிக்குத் தொழவைக்காமல் நின்று, அபூ கதாதா (ரலி) அவர்கள் அதைத் தம் பொறுப்பில் ஏற்ற பின்னரே தொழவைத்ததும் எனக்குப் பாடமாயிருந்தவைதாம். கிதாபில் இருந்தது, வாயில் வரவில்லை. பொருளின் அற்பத்தை, பொருளை விட்டுச் சென்றவரின் வாரிசுகளுக்கல்லவா நான் சொல்லியிருக்க வேண்டும்? அது போய் விழுந்த இடம் உப்புக்காரரின் காது.

அன்று மக்ரிபுக்குப் பின் மூத்த மகனைத் தனியே அழைத்து, கடன் அடைந்த பிறகுதான் வாரிசுப் பங்கு என்று நிஸா சூராவின் சட்டத்தைச் சொன்னேன். மூன்றாம் நாள் அவர் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தார். நான்கு பேருக்குப் பாக்கி எழுதியிருந்தது. உப்புக்காரர் பெயர் அதில் இல்லை. மண்டியில் கூட வேலை செய்த இருவர் வந்து சாட்சி சொன்னார்கள். ஆறு மாதமல்ல, ஏழு மாதம் என்றார்கள். மகன் எண்ணிக் கொடுத்தார். பெரியவர் துண்டில் முடிந்து கொண்டு போனார்.