கண்ணாடிக் கதவைத் தள்ளு

அந்தக் கதவு கனமானது இல்லை. தள்ளினால் திறக்கும். ஆனால் சென்னையில் ஆழ்வார்பேட்டையிலும் அடையாறிலும் டிசைனர் கடைகளின் வாசலில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கிறேன். உள்ளே விளக்கொளியில் பொம்மைக்கு உடுத்தியிருக்கும் ஆடையை ஆசையோடு பார்க்கிறார்கள். பிறகு தங்கள் செருப்பைப் பார்க்கிறார்கள், தோள்பையைப் பார்க்கிறார்கள், பேசாமல் நடையைக் கட்டுகிறார்கள். படித்த பிள்ளைகள், வேலைக்குப் போகிற பிள்ளைகள். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. பிள்ளைகள் மேல் இல்லை. அவர்கள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, இதெல்லாம் உனக்கு இல்லை என்று சொல்லும் அந்தக் குரலின் மேல்.

தங்கையே, தம்பியே, அந்தக் குரலுக்கு யார் கொடுத்தது அதிகாரம்? உள்ளே போ. துணியைத் தொட்டுப் பார். தையலைத் திருப்பிப் பார். விலை கேள். வாங்காமல் வெளியே வா. எந்தச் சட்டமும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. ஒரு கடையின் ஊழியர் உன்னை ஏற இறங்கப் பார்த்தால் அது அவருடைய பழக்கக் குறை. உன் தகுதியை அளக்கும் கோல் அவர் கண்ணில் இல்லை.

பணம் இருந்தால்தான் நிமிர்ந்து நிற்க முடியும் என்று நினைக்கிறாய். தவறு. லட்ச ரூபாய்க்குக் கல்யாணப் பட்டு எடுக்க வந்து, விற்பவர் சொன்னதையே தலையாட்டிக் கேட்டு, பில்லைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய் அழுதவர்கள் உண்டு. கவுண்டரின் முன்னால் முதுகு நிமிர்வது தெரிந்துகொண்டதால். பார்க்கத் தெரிந்த கண் ஒன்று இருந்தால் போதும், எந்தக் கடையிலும் நீ அன்னியன் இல்லை.

அந்தக் கண்ணைப் பழக்க நம் ஊரைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைக்காது. தி.நகரில் இறங்கு. 1928-ல் நல்லி கடை தொடங்கிய அந்த வட்டாரத்தில் இன்று பனகல் பார்க்கைச் சுற்றி நடந்தாலே ஒரு பட்டு அகராதி விரிகிறது. காஞ்சிபுரம் கோர்வைப் புடவை ஒன்றை விரிக்கச் சொல். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தறியில் மூன்று நாடா ஓடினால்தான் அது நடக்கும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. கைத்தறியில் நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கை கொடுப்பார். உடலும் கரையும் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்து விரலால் தடவு. இரண்டு நிறங்கள் இழைக்கு இழை கோத்துக்கொண்டு நிற்பது தட்டுப்படும். முந்தானை வேறு நிறமாக இருந்தால் அதை இணைத்த விதத்துக்குப் பெட்னி என்று பெயர். இந்த இரண்டு சொற்களையும் ஒரு கடையில் தயங்காமல் உச்சரித்துப் பார். விற்பவர் பேசும் விதமே மாறும்.

நிறத்தைக் கடை விளக்கில் நம்பாதே. வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கேள். நம் பாட்டிகள் கேட்டார்கள், கூச்சப்படாமல். பட்டா என்று சந்தேகமா? ஓரத்து இழை ஒன்றைக் கொளுத்தினால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். மத்தியப் பட்டு வாரியத்தின் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. தங்க நகை என்றால் ஹால்மார்க்கோடு ஆறு எழுத்து எண் கொண்ட எச்.யு.ஐ.டி. அடையாளம் இருக்க வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் தன் பட்டுப் புடவைகளோடு நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை இணைத்தது. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. டிசைனர் என்ற பட்டத்துக்கு இத்தனை காலம் பெயரில்லாமல் காத்திருந்தவர்கள் அவர்கள்.

அடையாறுக்கு வா. அங்கே ஒரு பெண் இருந்தார். 1904-ல் மதுரையில் பிறந்தவர். பதினாறு வயதில், 1920-ல், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். அன்றைய மதராஸ் சமூகம் கொதித்தது. ருக்மிணி தேவி அசையவில்லை. உலகம் சுற்றினார். அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார், பாலே பழகினார். உன் நாட்டுக் கலையைத் தேடு என்று அந்த ரஷ்ய நர்த்தகி தூண்டியதாகச் சொல்வார்கள். திரும்பி வந்து, மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண்கள் தொடக்கூடாது என்று ஒதுக்கிய சதிரை, பின்னாளில் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற அந்த ஆட்டத்தைக் கற்றார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றார். கபாலீசுவரர் கோயில் மரபில் வந்த மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் அபிநயம் கற்றார். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அந்தக் கலையையும் அதன் அலங்காரத்தையும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தது கௌரி அம்மாள் போன்றோரின் குலம். அவர்களை ஒதுக்கிய ஊர், பிறகு அவர்கள் பாணியைத்தான் அழகு என்று கொண்டாடியது.

1935 டிசம்பரில் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ருக்மிணி தேவி மேடையேறினார். நடனத்தை மட்டும் அவர் மாற்றவில்லை. உடையை மாற்றினார். கோயில் சிற்பங்களின் இடுப்பு மடிப்பையும் நகைகளையும் உற்றுப் பார்த்து, தைத்த ஆடையில் விசிறி மடிப்பைக் கொண்டுவந்தார். இன்று உலகமெங்கும் பரதநாட்டியம் என்றதும் கண்முன் வருகிற உருவத்தில் அந்தத் தையலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1936-ல் அவருடைய கலைப்பள்ளியான கலாக்ஷேத்ரா பிறந்தது. அடுத்த ஆண்டே அங்கே நெசவுக் கூடம் வந்தது. பழைய புடவைகளின் கட்டங்களையும் அகலக் கரைகளையும் மாதிரியாக வைத்து நெய்தார்கள். மில் துணியும் இறக்குமதி மோகமும் பெருகிய காலத்தில், வழக்கொழிந்த கரை ஒன்றை எடுத்து இதுதான் அழகு என்று ஒரு பெண் உறுதியாக நின்றார். ஊர் பின்னால் வந்தது. இன்றும் கலாக்ஷேத்ரா புடவை என்றால் கடைக்காரருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பாரிஸிலிருந்து ஆணை வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. நீ எதற்குக் காத்திருக்கிறாய்? இன்ஸ்டாகிராமில் யாரோ அணிந்த பிறகுதான் உன் அம்மாவின் பெட்டியில் இருக்கும் சுங்குடி உன் கண்ணுக்கு அழகாகத் தெரியுமா?

மயிலாப்பூர் மாட வீதிகளுக்கும் போய்ப் பார். நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம், வங்கி. அரங்கேற்றத்துக்குத் தயாராகும் சிறுமியை அழைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள் கெம்புக் கற்களை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று பார். எல்லாம் தங்கம் இல்லை. வெள்ளியில் தங்க முலாம் பூசியதும் இருக்கும், அதனினும் எளியதும் இருக்கும். மேடை விளக்கின் கீழ் நிற்கும் அந்தச் சிறுமி, இது எத்தனை சவரன் என்று கூசுவதில்லை. தலையை நிமிர்த்துகிறாள், ஜிமிக்கி ஆடுகிறது. அந்த நிமிர்வை நீ ஏன் அலுவலகத்துக்கு எடுத்துப் போகக்கூடாது?

எம்.எஸ். சுப்புலட்சுமியை நினைத்துக்கொள். காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்து கொடுத்த ஒரு நீலத்துக்கு இன்றுவரை எம்.எஸ். ப்ளூ என்று பெயர். 1966-ல் ஐ.நா. சபையில் பாடப் போனபோதும் பட்டுப் புடவைதான், மூக்குத்திகள்தான். ஒரு நிறம் ஒரு பெண்ணின் பெயரைச் சூடிக்கொண்டது. இரவல் பாணியில் உலவியிருந்தால் அது நடந்திருக்குமா?

நம் ஊர் பெயரையே தாங்கிய ஒரு துணி உண்டு. மெட்ராஸ் செக்ஸ். 1958-ல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர், பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கிருஷ்ணன் நாயரிடம் அந்தக் கட்டம் போட்ட கைத்தறியை வாங்கினார். புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை தைத்து விற்றது. துவைத்தால் சாயம் ஓடியது, ஒரு கட்டம் இன்னொன்றில் கலந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். தப்பிக்க வழியில்லாத அந்த நேரத்தில்தான் பேச்சை மாற்றினார்கள்: சாயம் ஓடுவதுதான் இதன் சிறப்பு, ஒவ்வொரு துவைப்பிலும் புதுச் சட்டை கிடைக்கும் என்றார்கள். செவன்டீன் பத்திரிகை அதைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடியது. குறை என்று திருப்பித் தர வந்த அதே துணியைத் தேடி வந்தார்கள்.

விளம்பரத்துக்கு அத்தனை வலிமை. குறையைப் பெருமையாக்கும். அதே வலிமை எதிர்ப்பக்கமும் வேலை செய்தது, அங்கேதான் நம் பெண்களின் நெஞ்சில் அடி விழுந்தது. 1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி வந்தது. வெயிலில் வாழும் ஒரு நாட்டின் இயல்பான நிறத்தை, திருத்தப்பட வேண்டிய பிழையாக்கினார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. டியூபைப் பிதுக்கினால் இரண்டும் கிடைக்கும். இந்தக் கதையைத் தொலைக்காட்சி நம் வீட்டுக்கூடத்தில் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை எதிர்த்து 2009-ல் கிளம்பிய டார்க் இஸ் பியூட்டிஃபுல் இயக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதே சென்னையிலிருந்து, விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பிலிருந்து. நடிகை நந்திதா தாஸ் துணை நின்றார். 2014-ல் விளம்பரத் தர மன்றம் கறுப்பு நிறத்தை இழிவாகக் காட்டும் விளம்பரங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2020-ல் அந்தக் கிரீமே தன் பெயரிலிருந்து ஃபேர் என்பதைக் கழற்றிவிட்டது. நம் ஊரில் சிலர் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே அழகுசாதனக் கடையில் நிற்கும்போது உன் நிறத்துக்கு மன்னிப்புக் கேட்கும் பொருளை வாங்காதே. உன் நிறத்தோடு பொருந்தும் ஃபவுண்டேஷன் எங்கே என்று கேள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேள். தாடை ஓரத்தில் தடவி, வெளிச்சத்தில் பார்த்துத் தேர்ந்தெடு. லேபிளில் உற்பத்தி உரிம எண், தேதி, உட்பொருள்கள் இல்லாத வெள்ளைக் கிரீம் டப்பாவை யார் சிபாரிசு செய்தாலும் தொடாதே. பாதரசம் கலந்த கிரீம்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு கிரீமை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் கிளம்பும். ஒரே வாரத்தில் வெளுக்க வைப்பேன் என்று சத்தியம் செய்யும் டப்பா உன் எதிரி. மாநிறமும் கறுப்பும் எந்த நிறத்தையும் தாங்கும் தோல். அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுப் பார், கண்ணாடி உண்மை சொல்லும்.

இனி வேலையில் இறங்கு. அடுத்த மாதச் சம்பளத்தில் பத்து மலிவான குர்த்தி வாங்காதே. ஒன்றே ஒன்று வாங்கு, நெசவு தெரிந்து வாங்கு. மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணியை நீயே தேர்ந்தெடு, அம்மாவோ தோழியோ காட்டியதை அல்ல. டெய்லரிடம் கழுத்து எப்படி வேண்டும் என்று வரைந்து காட்டு. சரியாக வராவிட்டால் பிரிக்கச் சொல், அது சண்டை இல்லை. பாண்டி பஜார் நடைபாதையில் வாங்கிய ஜிமிக்கியை விலையுயர்ந்த கைத்தறியோடு போடு. யாராவது எங்கே வாங்கினாய் என்று கேட்டால் உரக்கச் சொல்.

அணிவது போதாது, உருவாக்க வேண்டும் என்று உள்ளே நெருப்பு இருக்கிறதா? தரமணியில் 1995 முதல் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுது. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று ஒதுங்காதே. வரைகிற கையும் பார்க்கிற கண்ணும்தான் அங்கே முதலில் வேண்டும். ஃபீஸ் கட்ட வழியில்லையா, தெருமுனை டெய்லரிடம் போய் வெட்டக் கற்றுக்கொள். திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவின் நெசவுக் கூடமும் கலம்காரிக் கூடமும் இருக்கின்றன. வேலை நாள் ஒன்றில் அனுமதி கேட்டுப் போ. தறியில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லு. அக்கா, இந்தக் கரைக்கு எத்தனை இழை பிடித்தீர்கள் என்று கேள். அவர் சொல்வதை அங்கேயே எழுதிக்கொள், அடுத்த கேள்வியைக் கேள்.