இரண்டு மருந்து

என் தம்பி மகன் ஸ்பானிய மொழி கற்று வருகிறான். ஒரு நாள் அலுத்துக்கொண்டான்.

"'எஸ்பெரார்' என்றால் காத்திருப்பது; நம்பியிருப்பதும் அதுதானாம். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் எப்படிப் பெரியப்பா படிப்பது?"

"இடம் பார்த்து ஒன்றைக் கொள், மற்றதை விட்டுவிடு. நம் திவாகர நிகண்டிலே இத்தகைய சொற்களுக்கென்றே தனித் தொகுதி உண்டு" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லிவைத்தேன்.

சில நாள் கழித்து விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போனேன். அடுத்த இருக்கைப் பெண்ணின் விரல்கள் ஈயம் பூசியதுபோல் மின்னின.

"விரலில் என்னம்மா?"

"மருந்து அண்ணாச்சி."

"ஐயோ, புண்ணா?"

அவள் சிரித்துவிட்டாள். "புண்ணுக்குப் போடுற மருந்தில்லே, பட்டாசுக்குப் போடுறது. மருந்து செலுத்துற வேலை பாக்கேன்." மடியிலிருந்த பையைத் தொட்டாள். "இதுதான் மெய்யான மருந்து. அம்மாவுக்கு இழுப்பு. அந்த மருந்தைத் தொட்டாத்தான் இந்த மருந்து வாங்க முடியுது."

சீனரும் வெடிமருந்தை 'நெருப்பு மருந்து' என்றே அழைக்கிறார்கள். சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய ரசவாதிகளின் கையில் பிறந்த பொடி அது என்பார்கள். உயிர் காப்பதும் உயிர் பறிப்பதும் ஒரே பெயரைச் சுமக்கின்றன.

பட்டாசு வாங்காதிருந்தால் பாவம் தீர்ந்தது என்கிறார் ஒருவர். வாங்கினால்தான் அவள் வீட்டில் அடுப்பெரியும் என்கிறார் இன்னொருவர். இருவரும் சொல்லில் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். நான் மட்டும் என்ன? பத்து ரூபாய் குறையுமா என்று தீபாவளிக்குத் தீபாவளி பேரம் பேசுகிறவன்தான். அந்தப் பத்து ரூபாயை யாருடைய பத்திரத்தில் மிச்சம் பிடித்தார்கள் என்று ஒரு முறையேனும் கேட்டதில்லை.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து, 30-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்று மாலை எத்தனையோ வாசல்களில் காத்திருப்பதும் நம்பியிருப்பதும் ஒன்றாகவே இருந்திருக்கும். எந்த இடத்தைப் பார்த்து எந்த அர்த்தத்தை விடுவது?

ஊர் திரும்பியதும் பையனைக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னது பரீட்சைக்குச் சரி, தம்பி. மற்றபடி இரண்டு அர்த்தத்தையும் சேர்த்தே படி."