கிழிந்த சீட்டு

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகும் அரசுப் பேருந்து. எனக்குப் பக்கவாட்டுச் சீட்டில் ஒரு பையன். ஒரு கையில் செல்போன், இன்னொரு கை சீட்டின் கிழிசலுக்குள். பஞ்சைத் துளித்துளியாகப் பிய்த்து ஜன்னல் வழியே விட்டுக்கொண்டே வந்தான். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

"ஏப்பா, உங்க வீட்டு மெத்தைன்னா இப்படிப் பிய்ப்பியா?" என்றார் கண்டக்டர்.

"கவர்மெண்ட் பஸ்தானேண்ணே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவனைக் கண்டிக்க எனக்கு வாயில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போது இதே தடத்துப் பேருந்தில், முன்சீட்டின் முதுகில் காம்பஸ் முனையால் என் இனிஷியலைக் கீறியவன் நான்.

பொதுச் சொத்தைக் காப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பில் 51-ஏ பிரிவு சொல்கிறது, 1976-ல் சேர்த்தது. சேதப்படுத்தினால் 5 ஆண்டு வரை சிறை என்று 1984-ல் ஒரு சட்டமும் வந்தது. பஞ்சு பிய்க்கிறவன் கைக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தாலும் நிற்காது.

"அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து ஊர்க் கண்மாயைத் தூர் வாரினோம், இப்போது எவனுக்கு அக்கறை?" என்று பெரியவர்கள் குடிமராமத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். உண்மைதான். ஆனால் அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் இருந்தார்கள்? ஊர்ப் பொதுக்கிணற்றில் சேரிக்காரர் வாளி இறக்க முடியாமல் இருந்தது. பிறரை விலக்கிவைத்து நமக்கென்று வைத்துக்கொண்டதைப் பேணுவது பெரிய காரியமில்லை.

இந்தச் சீட்டுக்கும் ஒரு கதை உண்டு. அருப்புக்கோட்டை அன்று ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அங்கே தனியார் பேருந்து முதலாளிகள் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுத்தால் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். டிக்கெட் வாங்கிய யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்பது தானாக வந்துவிடவில்லை. ஒருவர் அதிகாரத்தை வைத்து மிரட்ட வேண்டியிருந்தது.

ஆக, பேருந்து எல்லோருக்கும் உரியதாக ஆன பிறகுதான் 'கவர்மெண்டுடையது' ஆனது. அந்தப் பையனின் வாயிலிருந்து வந்த 'தானே'தான் என்னைக் குடைகிறது. கார் வைத்திருப்பவருக்குக் கிழிந்த சீட்டால் நஷ்டமில்லை. இந்தப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லாதவர்தான் அதில் உட்கார வேண்டும். பிய்த்தவனும் அவர்களில் ஒருவன் என்பதுதான் வேடிக்கை.

காரியாபட்டியில் பையன் இறங்கினான். வெற்றுக்கூடையோடு ஏறிய ஒரு பாட்டி அந்த இடத்துக்கு வந்தார். கையால் தடவினார், பஞ்சு போன இடத்தில் தகரம் தட்டுப்பட்டது. யாரையும் திட்டவில்லை. தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி, நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.