மனவுறுதி எட்டாத இடம்

"மனசைத் திடமா வச்சுக்குங்க டீச்சர், எல்லாம் சரியாயிடும்." இந்த நோய் வந்த பிறகு நான் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். சொன்னவர்கள் அத்தனை பேரும் என்மேல் பிரியம் உள்ளவர்கள். ஆனாலும் அது என்னை வாட்டியது. இன்னும் சரியாகவில்லை என்றால் நான் போதுமான அளவு மனசு வைக்கவில்லை என்றல்லவா ஆகிறது?

எனக்கு வந்திருப்பது பிளெபரோஸ்பாசம். தசைகள் தாமாகவே இறுகும் டிஸ்டோனியா என்னும் நோயில், முகத்தில் வரும் வகைகளில் ஒன்று. முதலில் கண் அடிக்கடி சிமிட்டியது, வெளிச்சம் கூசியது. தூசியாக இருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். போகப்போக இரண்டு இமைகளும் தாமாகவே இறுகி மூடிக்கொள்ள ஆரம்பித்தன. கண்ணில் ஒரு குறையும் இல்லை, பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது. மூளையின் ஆழத்தில் அசைவுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிகளும் அவற்றோடு இணைந்த பாதைகளும் பிசகும்போது, கண்ணைச் சுற்றி வளையமாக இருக்கும் தசை கேட்காமலேயே இறுகிக்கொள்கிறது. ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. சிலருக்குத் தாடை, உதடு, நாக்கு வரை இழுப்பு பரவும். 1910-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் ஆன்றி மேஜின் பெயரால் அந்த நிலையை மேஜ் நோய்க்குறி என்கிறார்கள்.

எங்கள் ஊர் நாடுகாணியிலிருந்து கூடலூருக்குப் பஸ் ஏறினால், தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு இடையே வெயில் விட்டுவிட்டு முகத்தில் அடிக்கும். அந்த வெளிச்சம் பட்டதும் என் இமைகள் இறுகிவிடும். கண்டக்டர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டு நிற்பது தெரியாது. இறங்கும்போது கால் படியைத் தடவும். ஆனால் நெற்றிப்பொட்டில் விரலை வைத்து லேசாக அழுத்தினால் கண் திறந்துகொள்ளும். வாய்க்குள் ஒரு பாட்டை முணுமுணுத்தாலும் திறக்கும். பக்கத்து சீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருவது இந்த இடத்தில்தான்: தொட்டால் திறக்கிற கண், இவங்க நினைச்சா திறக்காதா?

அந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கும் வெகுகாலம் இருந்தது. பதற்றத்தில் கூடுகிறது, தூக்கத்தில் மறைகிறது, ஒரு தொடுதலில் விலகுகிறது. ஆகவே இது மனக்கோளாறு என்று எத்தனையோ பேரை மனநல சிகிச்சைக்கு அனுப்பினார்கள். 1976-ல் லண்டன் நரம்பியல் மருத்துவர் டேவிட் மார்ஸ்டன், இமையும் தாடையும் இப்படி இறுகும் நோயாளிகளை ஆராய்ந்து, இது டிஸ்டோனியாவே என்று எழுதினார். ப்ரூகல் வரைந்ததாகக் கருதப்படும் 16-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில், வாயைப் பிளந்து கண்ணை இறுக்கிய ஒரு முகம் உண்டு. அதை நினைத்து அந்த ஓவியரின் பெயரையே நோய்க்கு வைத்தார். பார்ப்பவர்கள் நடிப்பு என்று நினைக்கும் அந்தத் தொடுதல், இன்று மருத்துவர்கள் டிஸ்டோனியாவை அடையாளம் காண உதவும் தடயங்களில் ஒன்று.

எனக்குச் சிகிச்சை கோயம்புத்தூரில். போட்டுலினம் என்ற நச்சைத்தான் மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுக்கிறார்கள். கெட்டுப்போன உணவில் உருவாகி ஆளையே கொல்லக்கூடிய நச்சு அது. மாறுகண்ணுக்காக அதை மருந்தாக்கியவர் சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும் 1989-ல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. போட்டாக்ஸ் என்ற இதே மருந்து சுருக்கம் போக்கும் அழகு ஊசியாகப் பெயர் பெற்றது அதற்குப் பிறகுதான். குப்பியின் அடியில் ஒட்டியிருப்பதே தெரியாத பொடியை உப்பு நீரில் கரைத்து, மெல்லிய ஊசியால் புருவத்தடியிலும் இமை ஓரத்திலும் கடைக்கண்ணிலும் துளித்துளியாகப் போடுவார்கள். எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், கண்ணில் நீர் முட்டும். அன்றைக்கே எதுவும் மாறாது. சில நாள் கழித்து ஒரு காலை, பேப்பரை விரித்தால் முதல் பத்தியைத் தாண்டி இரண்டாவதற்குப் போயிருப்பேன். அப்போதுதான் தெரியும், மருந்து பிடித்துவிட்டது.

மூன்று மாதத்தில் அதன் வேலை தேய்ந்துவிடும். அந்த நச்சு வாயடைத்திருந்த நரம்பு மறுபடி தசையோடு பேச ஆரம்பிக்கும், இறுக்கமும் திரும்பிவிடும், திரும்பப் போக வேண்டும். சில தடவை ஊசிக்குப் பிறகு இமை தொங்கிப்போகும், கண் வறண்டு எரியும். அதுவும் சில வாரங்களில் தணியும். இந்த நோயை அடியோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை.

இதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் மனவுறுதியை எங்கே செலவழிப்பது என்று எனக்குப் புரிந்தது. இமையோடு மல்லுக்கட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் திறந்து வைத்தே தீருவேன் என்று முரண்டு பிடித்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். அடுத்த ஊசிக்கான பணத்தை மாதாமாதம் எடுத்து வைப்பதற்கு உறுதி வேண்டும். நிறக்கண்ணாடி போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குள் நுழைய உறுதி வேண்டும். "எனக்கு இமை தானா மூடிக்கும், கொஞ்சம் கையைப் பிடிச்சுக்கிறீங்களா" என்று முன்பின் தெரியாதவரிடம் கேட்கத்தான் எல்லாவற்றையும்விட அதிக உறுதி வேண்டும். தென்மேற்கு மழை இறங்கி நாடுகாணி நாள்கணக்கில் இருண்டு கிடக்கும்போது ஊரே அலுத்துக்கொள்ளும். எனக்கோ வெளிச்சம் கூசாத அந்த நாட்களில்தான் வெளிவேலை எல்லாம் முடியும். இப்படி நோய்க்குத் தக்கபடி நாளை வகுத்துக்கொள்வது என் கையில் இருக்கிறது. இமை என் கையில் இல்லை.

மற்றவர்களையும் இப்போது வேறு விதமாகப் பார்க்கிறேன். நான் முகம் சுளித்தேன் என்று மனம் நொந்த உறவுக்காரர்கள் உண்டு. மனிதர்களின் முகத்தைப் படித்தே வாழ்கிறோம். அந்தப் பழக்கத்தை யாரும் விட முடியாது. ஆனால் படித்தது சரிதானா என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கை நடுங்குகிறவர், திக்கிப் பேசுகிறவர், வாய் கோணுகிறவர் எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தை பெரிய உபகாரம்.

நம் மலையில் யாருக்காவது இரண்டு கண்ணும் மாதக்கணக்கில் இப்படி மூடிக்கொண்டால், மந்திரிப்பதோடும் சொட்டு மருந்தோடும் நிறுத்திவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள். வாந்திக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகளாலும் இத்தகைய இழுப்பு வரலாம், ஆனால் நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மனசைத் திடமாக வைக்கச் சொல்வதற்குப் பதில், மலை இறங்கும் பஸ்ஸில் அவரோடு கூடப் போங்கள்.